காணாமல் போன நான்கு சதவீதம்

கணக்கு சார் ஒருமுறை இருமினால், மூன்று தெருக்களுக்கு அப்பால் இருக்கும் நாய்கள்கூட வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லும். கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைக்கிறீர்களா? சரி, இரண்டு தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே ஓர் அங்குலம்கூட இறங்க மாட்டேன்.

ஆள் நெட்டை. பென்சில் போல ஒல்லி. மீசை அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல நேராக இருக்கும். ஒருநாள் ஒரு குருவி அதைக் கம்பி என்று நினைத்து உட்கார வந்ததாம். அவர் முறைத்த முறைப்பில் பறப்பதையே மறந்து, வகுப்பு வாசல் வழியாக நடந்தே வெளியே போனதாம்.

எதைச் சொன்னாலும் சதவீதத்தில்தான் சொல்வார்.

"இன்னைக்குப் பன்னிரண்டரை சதவீதம் பேர் தூங்கறீங்க!"

நாற்பது பேர் உள்ள வகுப்பு அது. பன்னிரண்டரை சதவீதம் என்றால் எத்தனை பேர் என்று மற்றவர்கள் கணக்குப் போடுவதற்குள், ஐந்து பேர் எழுந்து நின்றுவிடுவார்கள்.

அந்த நாற்பது பேரில் ஒருத்திதான் அரைக்கால்.

அது அவளுடைய நிஜப் பெயர் இல்லை. பிறந்தபோது அத்தனை பொடிசாக இருந்தாளாம். அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "இது முழுசும் இல்ல, அரையும் இல்ல. அரைக்கால்!" என்று சொல்லிவிட்டார். அரைக்கால் என்றால் அரையில் கால் பங்கு. அதாவது எட்டில் ஒன்று. இப்போது அவள் நூற்று நாற்பது சென்டிமீட்டர் வளர்ந்துவிட்டாள். பெயர் மட்டும் வளரவில்லை.

அரைக்காலுக்கு வீட்டில் கணக்கு வரும். கரும்பலகைக்கு முன்னால்தான் வராது. கணக்கு சார் விரலை நீட்டி "நீ வா" என்றால் போதும். கை ஐஸ் கட்டியாகிவிடும். காதில் வண்டு ரீங்காரமிடும். முக்கால் என்ற பின்னம் அவள் கண்ணுக்கு, நாலின் தலைமேல் மூன்று ஏறி உட்கார்ந்து அவளைப் பார்த்துச் சிரிப்பதுபோலத் தெரியும்.

இந்தப் பயத்துக்கு அவள் ஒரு மருந்து கண்டுபிடித்தாள். அந்த மருந்துதான் எல்லா வம்புக்கும் காரணம்.

அரைக்காலின் அப்பா தையற்காரர். எதைத் தைப்பதாக இருந்தாலும் முதலில் பழுப்புத் தாளில் அளவாக வரைந்து வெட்டிக்கொள்வார். முன்பக்கம் ஒரு தாள், முதுகு ஒரு தாள், கை ஒரு தாள். அந்தத் தாளைத் துணிமேல் வைத்துத்தான் துணியை வெட்டுவார். அதற்குப் பெயர் பேட்டர்ன். ஒவ்வொரு தாளிலும் இத்தனை சென்டிமீட்டர் என்று குண்டுக் குண்டாக எழுதியும் வைப்பார்.

அந்த வாரம் அப்பாவின் கடைச் சுவரில், ஆணியில் தொங்கிய பேட்டர்ன் யாருடையது தெரியுமா? சாட்சாத் கணக்கு சாருடையது! ஞாயிற்றுக்கிழமை ஆயிரம் கணக்கு ஆசிரியர்கள் கூடும் கூட்டத்தில் அவர் பேசப் போகிறார். அதற்காக ஒரு கோட்டு. துணி கடல் தாண்டி வந்தது. அவருடைய அக்கா அனுப்பியது. ஒரே ஒரு கோட்டுக்குத்தான் வரும். கெட்டுப்போனால் அதுபோல இன்னொன்று எந்தக் கடையிலும் கிடைக்காது.

அந்தப் பேட்டர்னைப் பார்த்ததும் அரைக்காலுக்கு யோசனை முளைத்தது. 'சார் கோட்டு மாதிரியே எனக்கு ஒரு காகிதக் கோட்டு இருந்தா? அதைப் போட்டுக்கிட்டு நானே சார், நானே பிள்ளை. கேள்வியும் நானே கேட்டு, பதிலும் நானே சொல்லிப் பழகிட்டா?'

அளவு? சாரின் உயரம் அப்பாவின் நோட்டில் இருந்தது: நூற்று எழுபத்தைந்து. இவள் நூற்று நாற்பது. நூற்று நாற்பதுக்கு நூற்று எழுபத்தைந்து என்றால் நாலுக்கு ஐந்து. நாலில் ஐந்து பங்கு இல்லை, ஐந்தில் நாலு பங்கு. அதாவது எண்பது சதவீதம். யாரும் பக்கத்தில் இல்லாததால் கணக்கு வழுக்கிக்கொண்டு வந்தது.

பக்கத்துக் கடை அத்தையுடையது. நகல் எடுக்கும் கடை. வீடு கட்டுகிறவர்கள் கொண்டுவரும் பாய் அகலப் படங்களைக்கூடப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் தரும் ஒரு பூத இயந்திரம் அங்கே இருந்தது. புதன்கிழமை மத்தியானம் பள்ளிக்கு விடுமுறை. அத்தை சாப்பிடக் கிளம்பினார்.

"அரைக்கால், கடையப் பார்த்துக்க. யாராவது வந்தா உட்காரச் சொல்லு. அந்தப் பெருசு மேல மட்டும் கைய வச்சிராத. அதுக்கு இன்னைக்கு மூடு சரியில்ல."

"சரி அத்தை."

அந்த 'சரி'யின் சூடு ஆறுவதற்குள் அவள் பழுப்புத் தாள்களை வரிசையாக ஒட்டி, இயந்திரத்தின் வாயில் கொடுத்து, 80 என்று அழுத்திவிட்டாள்.

இயந்திரம் உறுமியது. எண்பது சதவீத நகல் அழகாக வெளியே வந்தது. அதற்குப் பிறகு அசல் தாள் வந்தது பாருங்கள்! நூலாக, துண்டாக, கந்தலாக. பத்து எலிகள் நாலு நாள் விருந்து சாப்பிட்ட மிச்சம்போல வந்தது.

அரைக்கால் இரண்டு கையாலும் அந்தக் கந்தலைப் பொறுக்கிச் சேர்த்தாள்.

'அப்பா நாளைக்குக் காலைல துணி வெட்டணும். பேட்டர்ன் இல்ல. ஐயோ.'

அப்போதுதான் அவள் மூளை ஒரு குறுக்கு வழி சொன்னது. இருபது சதவீதம் சுருக்கினோம். அதே இருபது சதவீதம் பெரிதாக்கினால் பழைய அளவு வந்துவிடுமே! எண்பது சதவீத நகலை மறுபடி உள்ளே கொடுத்து, 120 என்று அழுத்தினாள். பெரிய வெள்ளைத் தாள் வந்தது. அப்பாவின் கையெழுத்தில், அதே குண்டுக் குண்டு எண்களோடு, அசல் மாதிரியே.

கந்தல் தாள்களைச் சுருட்டிப் பள்ளிப் பையின் அடியில் திணித்தாள். எண்பது சதவீத நகலை வெட்டி ஒட்டிக் காகிதக் கோட்டாக்கி, அப்பா கடை உள்ளறையில் ஒளித்து வைத்தாள்.

அப்பா அன்று மாலை வெள்ளைத் தாளைப் பார்த்தார். அவர் வாயில் எப்போதும் குண்டூசிகள் இருக்கும். அதனால் பாதிப் பேச்சு 'ம்ம்'தான்.

"ம்ம்?"

"பழைய தாள் கிழிஞ்சிருச்சுப்பா. அதான் அத்தை கடையில புதுசா காப்பி எடுத்துட்டேன்."

அவள் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. சரியாக அளந்தால் அரை உண்மை. அப்பாவோ அதை முழுசாக எடுத்துக்கொண்டார்.

"ம்ம்!" என்று அவள் தலையைத் தட்டிக் கொடுத்தார். அந்தத் தட்டல் அவளுக்குச் சுத்தியலால் அடித்ததுபோல இருந்தது.

வியாழக்கிழமை அப்பா துணியை வெட்டினார். அரைக்கால் நடக்கும்போதெல்லாம் பைக்குள் கந்தல் தாள் 'சரசர, சரசர' என்றது. வகுப்பில் எல்லோருக்கும் அது கேட்பதுபோல இருந்தது. அன்று அவள் நடக்கவே இல்லை என்று சொல்லலாம். மிதந்துதான் போனாள்.

ஆனாலும் உள்ளுக்குள் ஒரு தைரியம். 'அளவு சரியாத்தானே இருக்கு. இருபது போச்சு, இருபது வந்துச்சு.'

வெள்ளிக்கிழமை கடைசிப் பாட வேளை கணக்கு. சார் பயிற்சித்தாள்களை நீட்டினார். விகிதம், பின்னம், சதவீதம் எல்லாம் கலந்த பத்துக் கணக்குகள். எல்லோரும் குனிந்து எழுதினார்கள். ஏழாவது கணக்கு இது:

'100 செ.மீ. நீளமுள்ள ஒரு படம் 20% சுருக்கப்படுகிறது. சுருங்கிய படம் பிறகு 20% பெரிதாக்கப்படுகிறது. இப்போது அதன் நீளம் என்ன?'

அரைக்காலுக்குச் சிரிப்பு வந்தது. இதைத்தான் புதன்கிழமை கையாலேயே செய்தாயிற்றே! 100 என்று எழுதப் பேனாவைத் தூக்குவதற்குள் சார் எல்லோருடைய தாளையும் வாங்கி அடுக்கிவிட்டார்.

"நீ வா," என்றார் சார். "ஏழாவது."

கை ஐஸ் ஆனது. வண்டு வந்தது. சாக்குக்கட்டியைப் பிடித்தாள். சும்மா நின்றால் சார் முறைப்பாரே என்று எழுத ஆரம்பித்தாள்.

நூறில் இருபது சதவீதம், இருபது. மிச்சம் எண்பது.

எண்பதில் இருபது சதவீதம்...

அவள் நின்றாள். எண்பதில் இருபது சதவீதம் இருபது இல்லை. பதினாறு!

எண்பதும் பதினாறும் தொண்ணூற்று ஆறு.

சாக்குக்கட்டி அவள் விரல்களுக்கு நடுவே 'டக்' என்று உடைந்தது.

தொண்ணூற்று ஆறு. நூறு இல்லை. இப்போது அப்பாவின் மேஜைமேல் கடல் தாண்டி வந்த துணி வெட்டப்பட்டுக் கிடக்கிறது. அதில் ஒவ்வொரு நூறிலும் நான்கு காணவில்லை!

"சரி," என்றார் சார். "விடை சரி. ஏன் நடுங்கற?"

அரைக்காலின் பற்கள் தந்தி அடித்தன.

"தப்பான விடைக்கு நடுங்கறவங்களைப் பார்த்திருக்கேன். சரியான விடைக்கு நடுங்கற பொண்ணை இன்னைக்குத்தான் பார்க்கறேன். போய் உட்காரு. எனக்கும் நேரமாச்சு. ஆறு மணிக்கு உங்கப்பா கடைக்கு வரேன்னு சொல்லு. கோட்டைப் போட்டுப் பார்க்கணும்."

மணி அடித்தது. அரைக்கால் ஓடினாள். அவள் ஓடிய வேகத்தில் தெருவில் உலர்ந்துகொண்டிருந்த துணிகளெல்லாம் அவள் பின்னாலேயே ஓடி வந்தன. 'சரசர, சரசர' என்று பையும் கத்திக்கொண்டே வந்தது.

வழியெல்லாம் ஒரே நினைப்பு. 'சொல்லலாமா? வேண்டாமா? சொல்லாட்டி யாருக்குத் தெரியும்? துணி சுருங்கிடுச்சுன்னு நினைச்சுக்குவாங்க. துணி சுருங்கறதுதானே?'

கடைக்குள் நுழைந்தாள். நாற்காலியில் அத்தை. மேஜைக்குப் பக்கத்தில், தலையில்லாத மரப் பொம்மைக்குப் போட்டுவிட்ட கோட்டு. அதன் மார்பைச் சுற்றி அப்பா அளவு நாடாவைப் பிடித்திருந்தார். அவர் வாயில் ஒரு குண்டூசிகூட இல்லை. அப்பா ஊசிகளை எடுத்துவிட்டார் என்றால் விஷயம் பெரிது.

"தொண்ணூத்தாறு," என்றார் அப்பா. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி அளந்தார். "தொண்ணூத்தாறுதான்."

"தாள்ல என்ன எழுதியிருக்கேண்ணே?" என்றார் அத்தை.

"முன்பக்கம் இருபத்தஞ்சு, மார்புல கால் பங்கு. நாலு பங்கு. நூறு. என் கையெழுத்துதான். தாள் சரி. அப்ப நான் வெட்டினதுதான் தப்பு."

"நீ தப்பா வெட்டினதே கிடையாதேண்ணே."

"இது வரைக்கும்." அப்பா நாடாவைச் சுருட்டி மேஜைமேல் வைத்தார். "கண்ணு போயிருச்சும்மா. எனக்கே தெரியாம போயிருச்சு. அந்த மனுஷனோட அக்கா அனுப்பின துணியப் பாழாக்கிட்டேன். இனிமே பெரிய வேலை எதுக்கும் கத்திரிய எடுக்க மாட்டேன். பட்டன் தைச்சுக் குடுத்துட்டு உட்கார்ந்திருக்கேன்."

அவர் கத்திரிக்கோலை எடுத்தார். வெட்டுவதற்கு இல்லை. உறையில் போட்டு, இழுப்பறைக்குள் வைத்தார்.

இழுப்பறை மூடிய சத்தம் இருக்கிறதே, அது கணக்கு சாரின் ஆயிரம் இருமலைவிடப் பயங்கரமாக இருந்தது. இதை நான் கூட்டிச் சொல்லவில்லை.

வாசல் திறந்துதான் இருந்தது. திரும்பி ஓடிவிடலாம். பேருந்து ஓட்டும் அம்மா எட்டு மணிக்குத்தான் வருவார். அதுவரை எங்காவது ஒளிந்துகொள்ளலாம்.

அவள் பையைத் திறந்தாள். கந்தல் தாள்களை எடுத்து மேஜைமேல் கொட்டினாள்.

"உங்க கண்ணு நல்லாத்தான் இருக்குப்பா," என்றாள். குரல் கொசு மாதிரி வந்தது. "தாள்தான் தப்பு. நான்தான் அதைச் சின்னதாக்கிட்டேன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். காகிதக் கோட்டு, பூத இயந்திரம், எண்பது, நூற்று இருபது, ஏழாவது கணக்கு, எல்லாம். மூச்சு விடாமல் சொன்னாள்; நிறுத்தினால் அழுதுவிடுவோம் என்று பயம்.

அப்பா வெள்ளைத் தாளை எடுத்தார். இருபத்தைந்து என்று அவரே எழுதிய இடத்தில் நாடாவை வைத்தார்.

இருபத்துநான்கு.

"எழுத்தைப் பார்த்தேன்," என்றார் மெதுவாக. "தாளை அளக்கல."

படம் சுருங்கும். ஆனால் படத்தில் எழுதிய இருபத்தைந்து, இருபத்தைந்து என்றேதானே இருக்கும்! அப்பாவை ஏமாற்றியது அப்பாவின் கையெழுத்தேதான்.

"அந்தப் பெருசைத் தொடாதன்னு சொன்னேன்ல?" என்று அத்தை அவள் காதைப் பிடித்தார். ஆனால் திருகவில்லை. காது அத்தனை ஜில்லென்று இருந்தது. "அண்ணே, பிள்ளை பயத்துல செத்தே போயிரும்போல இருக்கு. அப்புறமா திட்டிக்க."

அப்பா திட்டவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலே முக்கால்.

"எந்தெந்த இடத்துல எவ்வளவு குறைஞ்சிருக்கோ. முழுசா அளந்து கண்டுபிடிக்கறதுக்குள்ள அவர் வந்துருவாரே," என்று தனக்குத் தானே முணுமுணுத்தார்.

அரைக்கால் மூக்கைத் துடைத்தாள்.

"அளக்க வேண்டாம்பா. எல்லா இடத்துலயும் ஒரே மாதிரிதான் குறைஞ்சிருக்கும். நூத்துக்கு நாலு. அப்படீன்னா இருபத்தஞ்சுக்கு ஒண்ணு."

அப்பா நிமிர்ந்தார்.

"கோட்டு நீளம் எழுபத்தஞ்சு," என்றார்.

"மூணு குறையும்."

"கை அறுபது."

"அம்பதுக்கு ரெண்டு, பத்துக்குப் புள்ளி நாலு. ரெண்டு புள்ளி நாலு."

"தோள் நாற்பத்தஞ்சு."

"ஒண்ணு புள்ளி எட்டு. ரெண்டு பக்கமும் பிரிச்சா புள்ளி ஒம்பது, புள்ளி ஒம்பது."

"ஏய், அரைக்காலு!" என்றார் அத்தை. "உனக்குக் கணக்கு வராதுன்னுல்ல நினைச்சேன்?"

"இங்க கரும்பலகை இல்லையே அத்தை."

அப்பா கோட்டைப் பொம்மையிலிருந்து கழற்றி உட்புறமாகப் புரட்டினார். அவர் முகத்தில் முதல் தடவையாக ஒரு வெளிச்சம். எல்லாத் தையற்காரர்களும் தையலுக்கு உள்ளே கொஞ்சம் துணி விடுவார்கள். அப்பா விடுவது அதிகம். "மனுஷன் நல்லாச் சாப்பிட்டுக் குண்டானா, துணி எங்க போகும்?" என்று கேட்பார். அவர் தைத்த சட்டைகளுக்குள் இன்னொரு சட்டைக்குத் துணி இருக்கும் என்று அத்தை கேலி செய்வார். அந்தத் துணியை அவர் பேட்டர்னில் வரைவதில்லை. வெட்டும்போது கண்ணாலேயே கூட்டி விடுவார். அதனால் அது மட்டும் சுருங்காமல் அப்படியே இருந்தது!

இன்னொரு நல்லகாலமும் இருந்தது. ஆள் வந்து போட்டுப் பார்க்கும்வரை அப்பா இயந்திரத்தில் தைக்க மாட்டார். கையால் நீள நீளமாகத் தளர்வாக நூலோட்டித்தான் வைப்பார். ஓர் இழு இழுத்தால் பிரிந்துவிடும்.

"மார்புக்கு நாலு வேணும்," என்றார் அப்பா. "மேலிருந்து கீழே நாலு தையல் இருக்கு."

"தையலுக்கு ஒண்ணு," என்றாள் அரைக்கால். "ஒரு தையல்ல ரெண்டு ஓரம். ஓரத்துக்கு அரை."

"அரை சென்டிமீட்டர்தானே? தாராளமா இருக்கு!" அப்பா ஐந்து குண்டூசிகளை எடுத்து வாயில் வைத்தார். "ம்ம்!"

அந்த 'ம்ம்' காதில் விழுந்ததும் அரைக்காலுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் வந்தன.

பிறகு அந்தக் கடையில் ஒரு புயல் அடித்தது. அத்தை நூல் பிரித்தார். அரைக்கால் எண் சொன்னாள். அப்பா கோடு போட்டு, ஊசி குத்தி, நூலோட்டினார். நூல் பறந்தது. ஊசி மின்னியது. கடிகார முள் இரண்டும் ஓட்டப்பந்தயம் வைத்தன. கீழ் மடிப்பில் இருந்த நாலு சென்டிமீட்டரில் மூன்றை இறக்கிவிட்டார்கள். கை மடிப்பிலிருந்து இரண்டரைக்குக் கொஞ்சம் கம்மி. தோளில் பக்கத்துக்கு ஒரு நகத்தளவு.

ஆறு மணிக்கு வாசலில் ஓர் இருமல் கேட்டது.

அத்தை தரையில் கிடந்த நூல்களைக் காலால் மேஜைக்கு அடியில் தள்ளினார். அரைக்கால் தையல் இயந்திரத்தின் பின்னால் பாதி மறைந்தாள்.

"வாங்க சார், வாங்க," என்றார் அப்பா.

கணக்கு சார் கோட்டைப் போட்டார். கையை உயர்த்தினார். குனிந்தார். நிமிர்ந்தார். கரும்பலகையின் மேல் மூலையில் எழுதுவதுபோலக் கையை நீட்டிப் பார்த்தார். அரைக்கால் கண்ணை மூடிக்கொண்டாள். 'டர்' என்று ஒரு சத்தம் வந்தால், அதோடு தீர்ந்தது.

சத்தம் வரவில்லை.

"பொருந்துது," என்றார் சார். "நூறு சதவீதம்."

அப்பா விட்ட மூச்சில் மேஜைமேல் இருந்த வெள்ளைத் தாள் பறந்து, நேராகப் போய் சாரின் காலடியில் விழுந்தது. எத்தனை இடம் இருக்கிறது விழுவதற்கு!

சார் குனிந்து எடுத்தார். நாட்காட்டி கிடைத்தாலும் அதன் நீள அகலத்தை அளந்து பார்க்கிற மனிதர் அவர். தாள் கிடைத்தால் விடுவாரா? மேஜையில் கிடந்த நாடாவை எடுத்தார். அளந்தார். மறுபடி அளந்தார்.

"டெய்லர். இங்க இருபத்தஞ்சுன்னு எழுதியிருக்கு. இருக்கறது இருபத்திநாலு."

கடையில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. ஓர் ஊசி விழவும் செய்தது, அப்பாவின் வாயிலிருந்து.

"அது வந்து சார், என்னோட தப்..."

"இல்ல சார்." அரைக்கால் தையல் இயந்திரத்தின் பின்னாலிருந்து வெளியே வந்தாள். "அப்பா தப்பு இல்ல. நான்தான்."

சாரின் கண்கள் அவள்மேல் திரும்பின.

"தொண்ணூத்தாறு சதவீதம்," என்றார். "எங்கேயோ இன்னைக்குப் பார்த்த எண்ணா இருக்கே. போட்டுக் காட்டு."

அவர் தையல் சாக்குக்கட்டியை நீட்டினார். வெட்டும் மேஜைமேல் பச்சைத் துணி விரித்திருந்தது. அரைக்கால் நகல் இயந்திரத்தில் அழுத்தியதைச் சொல்லிக்கொண்டே எழுதினாள். எழுத்து நடுங்கியது. ஆனால் நிற்கவில்லை. நூறு, எண்பது, பதினாறு, தொண்ணூற்று ஆறு.

"சரி. நூத்தி இருபதுன்னு அழுத்தினது தப்பு. அப்ப எவ்வளவு அழுத்தியிருக்கணும்?"

இந்தக் கேள்வி பயிற்சித்தாளில் இல்லை! காதில் வண்டு வந்து உட்கார்ந்தது. அரைக்கால் பச்சைத் துணியையே பார்த்தாள். எண்பதிலிருந்து நூறுக்குப் போக வேண்டும். வேண்டியது இருபதுதான். ஆனால் அந்த இருபது, எண்பதுக்கு எவ்வளவு?

"நூத்தி இருபத்தஞ்சு, சார்."

"எப்படி?"

"நூறுகிட்டேருந்து எடுக்கும்போது அந்த இருபது, அஞ்சுல ஒரு பங்கு. எண்பதுகிட்ட திருப்பிக் கேட்கும்போது அதே இருபது, நாலுல ஒரு பங்கு. கால் பங்கு, சார். இருபத்தஞ்சு சதவீதம்."

வண்டு எப்போது பறந்துபோனது என்று அரைக்காலுக்கே தெரியவில்லை.

"அதெல்லாம் சரி," என்றார் சார். "என்னோட கோட்டை எண்பது சதவீதம் ஆக்கினது எதுக்கு?"

அரைக்கால் உலகத்திலேயே பயந்த கேள்வி இதுதான். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள். ஆனால் அத்தை என்று ஒருவர் இருக்கிறாரே! உள்ளறைக்குப் போய் அதைக் கொண்டுவந்து, இரண்டு கையாலும் விரித்துக் காட்டிவிட்டார்.

"இதுக்குத்தான் சார்!"

வெள்ளைக் காகிதக் கோட்டு. காலர், பை எல்லாம் வைத்தது. அதன் காலரில், தொலைந்துபோகாமல் இருக்க, ஒரு கறுப்புக் காகிதப் பட்டை குத்தியிருந்தது. நேரான பட்டை. கோடு போட்டதுபோல நேரான ஒரு மீசை.

அரைக்கால் பூமி பிளக்கட்டும் என்று காத்திருந்தாள். பூமி அன்றைக்கு வேறு வேலையாகப் போயிருந்தது.

"உன் உயரம் என்ன?" என்றார் சார்.

"நூத்தி நாற்பது, சார்."

"எனக்கு நூத்தி எழுபத்தஞ்சு. நாலுக்கு அஞ்சு." அவர் காகிதக் கோட்டைத் தொட்டுப் பார்த்தார். "விகிதம் சரி. இந்த மீசை?"

"அதுவும்... எண்பது சதவீதம்தான், சார். உத்தேசமா."

கணக்கு சாரின் மீசையின் ஒரு முனை மேலே போனது. பிறகு மறு முனையும் போனது. அந்தக் கோடு வளைந்ததை அந்த ஊரில் யாரும் அதுவரை பார்த்ததே இல்லை. பிறகு அவர் சிரித்தார் பாருங்கள்! தெருவில் இருந்த நாய்களெல்லாம் எழுந்து நின்று வாலை ஆட்டின. மூன்று தெருவுக்கு. இந்தத் தடவை ஒரு தெருவைக்கூடக் குறைக்க முடியாது.

சார் போன பிறகு, அப்பா இழுப்பறையைத் திறந்து கத்திரிக்கோலை வெளியே எடுத்து வைத்தார்.

"நாளையிலேருந்து ரெண்டு பழக்கம்," என்றார். "எழுதினதைப் பார்க்கறதோட, தாளையும் அளக்கணும். அது எனக்கு."

"எனக்கு?"

"அரை உண்மை வேண்டாம். அதையும் முழு அளவுலயே குடு."

"சரிப்பா."

"ம்ம்," என்றார் அப்பா.

திங்கட்கிழமை கணக்கு சார் வகுப்புக்குள் வந்தார். திருத்திய பயிற்சித்தாள்களை மேஜைமேல் வைத்தார்.

"ஏழாவது கணக்கு. தொண்ணூத்தி ரெண்டரை சதவீதம் பேர் நூறுன்னு எழுதியிருக்கீங்க."

முப்பத்தேழு தலைகள் குனிந்தன.

"அதனால இன்னைக்கு இந்தக் கணக்கை நான் நடத்தப் போறதில்ல. நீ வா."

அரைக்கால் எழுந்தாள். பையைத் திறந்து, மடித்து வைத்திருந்த காகிதக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். மீசையை மட்டும் பைக்குள்ளேயே விட்டுவிட்டாள். வகுப்பு மூச்சு விட மறந்தது. சாரோ கடைசி வரிசைக்குப் போய், முழங்கால் தாடையில் இடிக்க, சின்ன பெஞ்சில் உட்கார்ந்தார்.

அரைக்கால் சாக்குக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் பெரிதாக 100 என்று எழுதினாள்.

பயம் போய்விட்டதா என்று உள்ளே தொட்டுப் பார்த்தாள். முழுசாகப் போகவில்லை. ஒரு நாலு சதவீதம் இருந்தது. சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள், அப்பா தையலுக்கு உள்ளே விடும் துணி மாதிரி.